உறுதி, மரபு, யூகம்: கிரேக்கத்தில் பவுல் நடந்த ஊர்கள்

திங்கள் இரவு, தெசலோனிக்கே

சென்னை, தோஹா, ஏதென்ஸ், அப்புறம் ஒரு சின்ன உள்நாட்டு விமானம். வந்து இறங்கியபோது கால் வீங்காமல் இருந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் வாலிபர் சங்கத்துப் பையன்கள் மட்டும்தான். மற்றவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், வங்கியில் தணிக்கை பார்த்த அண்ணாச்சி ஒருவர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயி ஒருவர், எங்கள் சபைப் போதகரான ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. வழிநடத்துகிறவர் வேதாகமக் கல்லூரியில் புதிய ஏற்பாடு நடத்துகிறவர். எல்லாருக்கும் அவர் 'சார்'.

இது புண்ணிய யாத்திரை இல்லை, படிப்புப் பயணம் என்று ஊரிலேயே சொல்லிவிட்டார். பவுல் கிரேக்கத்தில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னதை லூக்கா எழுதிவைத்த அப்போஸ்தலர் நடபடிகளில் 16, 17, 18 அதிகாரங்களைச் சனிக்கிழமை மாலைகளில் வரிவரியாக வாசித்துவிட்டுத்தான் கிளம்பினோம். இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். பார்க்கும் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுத வேண்டுமாம்: உறுதி, மரபு, யூகம். "பவுல் இங்கேதான் நின்றார்னு பலகை வச்சிருப்பாங்க. பலகையை வச்சது யாரு, எப்ப வச்சாங்கன்னு கேளுங்க" என்றார்.

தணிக்கை அண்ணாச்சிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஐயரம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "விசுவாசத்துக்கு எதுக்கு சார் மார்க்கு போடணும்?" என்று கேட்டுவிட்டு நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய், கவாலா, பிலிப்பி

எக்னாத்தியா நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணி நேரத்துக்குள் கவாலா. பவுலின் காலத்து நெயாப்போலி இதுதான். துரோவாவில் கப்பலேறி, சாமோத்திராக்கே தீவு வழியாக மறுநாள் இங்கே வந்து இறங்கினார்கள். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், நடுவே ஒட்டோமான் காலத்து நீர்ப்பாலத்தின் உயரமான வளைவுகள், கீழே மீன்பிடிப் படகுகள். எகிப்தை ஆண்ட முகமது அலி 1769இல் பிறந்த ஊரும் இதுவே.

புனித நிக்கோலா ஆலயத்துக்கு வெளியே பெரிய மொசைக் படம் ஒன்று இருக்கிறது. மக்கெதோனியன் தரிசனத்தில் கூப்பிடுகிறான், பவுல் கரையில் கால் வைக்கிறார். படம் நம் காலத்தது. ஆலயமோ 16ஆம் நூற்றாண்டில் இப்ராகிம் பாஷாவின் மசூதியாக இருந்தது. 'துறைமுகம் உறுதி, கால் வைத்த இடம் மரபு' என்று அண்ணாச்சி எழுதினார். முதல் பதிவே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

அங்கிருந்து 15 கிலோமீட்டர் உள்ளே பிலிப்பி. இன்றைக்கு இந்த ஊரைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

மகா அலெக்சாந்தரின் தகப்பன் இரண்டாம் பிலிப்பு கி.மு. 356இல் இந்த ஊருக்குத் தன் பெயரை வைத்தான். கி.மு. 42இல் ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டசும் காசியசும் இதன் எதிர்ச் சமவெளியில்தான் தோற்று மாண்டார்கள். ஜெயித்தவர்கள் ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு இங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அதனால்தான் கிரேக்க நாட்டின் நடுவில் கல்லுக்குக் கல் லத்தீன் எழுத்து. பவுலைப் பிடித்துக் கொடுத்தவர்கள் 'ரோமராகிய நாம்' என்று பேசுவதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம். இவர்கள் ஏன் தங்களை ரோமர் என்கிறார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தக் கற்களுக்கு நடுவே நடக்கும்போது அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பவுலையும் அவரோடு வந்த சீலாவையும் அடைத்ததாகச் சொல்லும் 'பவுலின் சிறைச்சாலை' ஒரு சின்ன நிலவறை. கம்பி வேலிக்கு வெளியே வேறொரு நாட்டுக் கூட்டம் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தது. அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்த சார், குரலைத் தாழ்த்தி, இது அடிப்படையில் ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி, பிற்காலத்தில் சிறை என்று நம்பி வழிபாட்டு இடமாக்கிச் சுவரில் ஓவியம் தீட்டினார்கள் என்றார்.

ஐயரம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்போ பவுலும் சீலாவும் நடுராத்திரியில பாடினது எங்கே?"

"இந்த ஊருக்குள்ளதாம்மா, எங்கேயோ. இந்தத் தொட்டியிலதான்னு சொல்ல ஆதாரம் இல்லை."

அடுத்து எண்கோண ஆலயத்துக்கு அழைத்துப் போனார். அங்கே யாரும் பாடிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஆலயத்தின் தரைக்கு அடியில் இன்னும் பழைய ஒரு வழிபாட்டுக் கூடம் கிடைத்தது. அதன் மொசைக் தரையில், பேராயர் பொர்பீரியோஸ் கிறிஸ்துவுக்குள் பவுலின் ஆலயத்துக்கு இந்த வேலையைச் செய்வித்தார் என்று எழுதியிருக்கிறது. இதே பேராயர் 4ஆம் நூற்றாண்டின் நடுவில் செர்திக்காவில் கூடிய பேராயர்கள் சங்கத்துக்குப் போனவர் என்று வேறு பதிவும் இருப்பதால் காலமும் ஏறக்குறையத் தெரிகிறது. கான்ஸ்தந்தீன் காலத்தை ஒட்டியே இந்த ஊர்ச் சபை பவுலின் பெயரில் கூடியிருக்கிறது. அண்ணாச்சி 'உறுதி' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

எனக்குப் பிடித்தது இரண்டுமில்லை. பொது மன்றத்தை ஒட்டி எக்னாத்தியா வழியின் பழைய தளக்கற்கள் கொஞ்ச தூரம் அப்படியே கிடக்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமர்கள் அத்ரியா கடற்கரையிலிருந்து கிழக்கே போட்ட ராஜபாட்டை அது. வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடம் கல்லில் பள்ளமாக ஓடுகிறது. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன், என் உள்ளங்கை அதில் அடங்கவில்லை. ஒரு சின்ன ஆமை பள்ளத்தில் இறங்கி, ஏற முடியாமல், தடத்தோடேயே நடந்து போனது. சிறைக்குக் கூடின கூட்டத்தில் கால்வாசி கூட இந்தக் கல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. நெயாப்போலியிலிருந்து வந்தவர்கள் இந்தச் சாலையில் வராமல் வேறு எதில் வந்திருப்பார்கள்?

மாலையில் லீதியாள் ஞானஸ்நானம் பெற்ற இடம் என்கிற ஆற்றங்கரை. ஓடை கணுக்கால் ஆழம்தான், ஆனால் தண்ணீர் நல்ல வேகம். கரையில் 1974இல் கட்டிய அழகான ஞானஸ்நான ஆலயம். பிலிப்பியில் ஜெப ஆலயம் இருந்ததாக லூக்கா சொல்வதில்லை. ஓய்வுநாளில் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களிடம்தான் பவுல் உட்கார்ந்து பேசினார். இரத்தாம்பரம் விற்ற லீதியாள் தியத்தீராக்காரி, ஆசியாவிலிருந்து பிழைக்க வந்தவள். ஐரோப்பாவில் பவுலின் பேச்சைக் கேட்டு விசுவாசித்ததாகப் பெயர் சொல்லப்படுகிற முதல் ஆள் ஒரு வெளியூர் வியாபாரி அம்மா. கல் இருக்கையில் உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடினோம். 'மரபு' என்று எழுதிவிட்டு, எழுதினவர்களும் ஓடையில் காலை நனைத்துக்கொண்டோம்.

புதன், மறுபடி தெசலோனிக்கே

'அம்பிபோலி, அப்பொலோனியா வழியாகத் தெசலோனிக்கேக்கு வந்தார்கள்.' வேதத்தில் இது அரை வசனம். வாசிக்கும்போது வாயில் நுழையாத பெயர்களைத் தாண்டினால் போதும் என்று ஓடிவிடுகிறோம். இன்று அந்த அரை வசனத்தைப் பஸ்ஸில் கடந்தோம்: சுமார் 150 கிலோமீட்டர்.

பஸ்ஸில் மைக்கை வாங்கி நர்ஸ் அக்கா பேசியதுதான் இன்றைய பாடம். "பிலிப்பியில அவங்க ரெண்டு பேரையும் வஸ்திரத்தைக் கிழிச்சுக் கோலால அடிச்சிருக்காங்க. நிறைய அடின்னு எழுதியிருக்கு. முதல் நாள் கூடப் பரவாயில்லை, அடுத்த ரெண்டு மூணு நாளு முதுகை அசைக்க முடியாது. சட்டை உரசினாலே உயிர் போகும். புண்ணு சீழ் வைக்காம இருந்தா அதுவே பெரிசு. இந்த முதுகோட இவங்க இந்த ரோட்டுல எத்தனை நாள் நடந்திருப்பாங்க, யார் வீட்டுல படுத்திருப்பாங்கன்னு யாராவது பிரசங்கத்துல சொல்லிருக்காங்களா?" ஐயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், அவரும் எத்தனை வசனத்தைத்தான் பார்ப்பார்.

அம்பிபோலியில் ஸ்திரிமோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறது ஒரு பெரிய கல் சிங்கம், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. பால்கன் போர்க் காலத்தில் சிப்பாய்கள் கண்ட துண்டுகளைப் பின்னால் ஒட்டி நிறுத்தினார்கள். பவுல் காலத்திலும் நின்றிருக்கலாம் என்பதால் பையன்கள் 'யூகம்' என்று எழுதிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பொலோனியாவில் பவுல் நின்று பேசியதாகச் சொல்லும் ஒரு பாறை. மரபு. பத்து நிமிடம்.

தெசலோனிக்கே வேறு மாதிரி ஊர். கி.மு. 315இல் கசாந்தர் கட்டி, தன் மனைவியின் பெயரை வைத்தான். அவள் அலெக்சாந்தரின் தகப்பனுக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த சகோதரி. அன்றிலிருந்து ஒருநாளும் ஆள் இல்லாமல் கிடந்ததில்லை. அதனாலேயே பவுல் காலத்து ஊர் அபார்ட்மென்டுகளுக்கு அடியில் இருக்கிறது. 2024 நவம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் வெனிசெலு நிலையத்தில், தோண்டும்போது வெளிப்பட்ட பழைய தெருவைக் கண்முன் வைத்திருக்கிறார்கள். பளிங்குத் தளத்தைப் பார்த்துக்கொண்டே ரயிலுக்கு நடக்கிறது ஆபீஸ் கூட்டம். மேலே ஓடும் சாலைக்கு எக்னாத்தியா தெரு என்றுதான் பெயர், ஆனால் பழைய ராஜபாட்டை ஊருக்குள் எப்படிப் போனது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு என்று சார் எச்சரித்தார்.

பவுல் மூன்று ஓய்வுநாள் பேசிய ஜெப ஆலயம் இருந்த இடம் யாருக்கும் தெரியாது. ஆனால் யூதர்களை விட்டுவிட்டு இந்த ஊரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. 1492இல் ஸ்பெயின் துரத்தியவர்கள் பெருமளவில் இங்கே குடியேறி, நூற்றாண்டுக் கணக்கில் இந்தத் துறைமுகத்தையே நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் சுமார் 50,000 பேர். 1943இல் நாஜிகள் ஏறக்குறைய எல்லாரையும் ரயிலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் மேல்தான் இன்றைய பல்கலைக்கழகம் நிற்கிறது. கடற்கரையை ஒட்டிய சதுக்கத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 'யூதர்கள் பவுலை எதிர்த்தார்கள்' என்கிற வரியை ஞாயிறு பள்ளியில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று சார் கேட்டார். இந்த ஊரில் நின்று கேட்டதால் உறைத்தது.

வியாழன், பெரோயா

இன்றைய வெரியா. தெசலோனிக்கேயில் கலவரம் மூண்டதும் சகோதரர்கள் பவுலையும் சீலாவையும் ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பி வைத்த ஊர். பவுல் பேசிய இடம் என்று பளிங்கு மேடை கட்டி, மொசைக் படங்கள் பதித்து, சில பழைய படிகளையும் காட்டுகிறார்கள். மரபு என்று எழுதிவிட்டு உட்கார்ந்தோம்.

இந்த ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையும் கேட்டார்கள், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களையும் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக லூக்கா அவர்களைப் பாராட்டித்தான் எழுதுகிறார், குறை சொல்லவில்லை. ஐயர் இந்தப் பகுதியை வாசித்து முடித்ததும் ஐயரம்மா கைப்பையைத் திறந்தார். நோட்டை எப்போது எடுத்து வைத்துக்கொண்டாரோ தெரியாது. எதுவும் பேசாமல் செவ்வாய்க்கிழமையிலிருந்து விட்டுப்போன ஊர்களை என்னிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினார்.

பக்கத்தில் வெர்கினாவில் 1977இல் மனோலிஸ் ஆந்திரோனிகோஸ் திறந்த மக்கெதோனிய அரச கல்லறைகள். தங்கப் பேழை, தங்க ஓக் இலை மகுடம். கண் கூசுகிறது. அதற்குத் தனியாக எழுத வேண்டும், இன்று கை வலிக்கிறது.

தெசாலிச் சமவெளி முழுக்கப் பருத்தி. அக்டோபர், எடுப்பு நேரம். சாலையோரமெல்லாம் பஞ்சு சிதறிக் கிடந்தது. கரிசல்காட்டு அண்ணாச்சி பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு காயைப் பிரித்து இழையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். ஐரோப்பாவிலேயே அதிகமாகப் பருத்தி விளைவது இந்த நாட்டில்தான் என்று கைடு சொன்னதும், ஏக்கருக்கு என்ன கண்டுமுதல், தண்ணீர் எங்கிருந்து என்று அவர் கேட்ட கேள்விகளுக்குப் பாவம் அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை.

வெள்ளி, மெத்தியோரா

பவுலுக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை. செங்குத்தான பாறைகளின் உச்சியில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து துறவிகள் கட்டிய மடங்கள், இன்றும் ஆறில் ஆட்கள் வசிக்கிறார்கள். அந்தக் காலத்தில் வலையில் உட்காரவைத்துக் கயிற்றால் மேலே இழுத்தார்களாம். எங்கள் முழங்கால்களை உத்தேசித்து, சிறு பாலத்தைக் கடந்தாலே போய்விடக்கூடிய புனித ஸ்தேவான் மடத்துக்குப் போனோம். இப்போது அது கன்னியர் மடம்.

பெண்கள் பாவாடை கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். சேலைக்காரர்கள் எல்லாரும் நேரே உள்ளே போனோம். சுடிதார்க்காரர்கள் வாசலில் கொடுத்த துணியைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார்கள். ஐயரம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க நல்ல மனநிலை.

உள்ளே படங்களை முத்தமிடுகிற கிரேக்கப் பாட்டிகளைப் பார்த்து எங்களில் சிலருக்குச் சங்கடம். பஸ்ஸில் அதைப் பற்றிக் காரசாரமாகப் பேச்சு நடந்தது. நான் கலந்துகொள்ளவில்லை. பவுல் எழுதின பாஷையில் இன்றைக்கும் வேதம் வாசித்து ஆராதிக்கிற சபை இது, நாம் நேற்று வந்தவர்கள்.

சனி, டெல்பி

"அப்பொல்லோ கோயிலுக்கு நான் எதுக்கு வரணும்? வேதத்துல டெல்பின்னு ஒரு வார்த்தை இருக்கா?" என்று இரண்டு பேர் பஸ்ஸிலேயே இருந்துவிட்டார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமான நாள் இதுதான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சுவர். கோயில் மேடையைத் தாங்கும் பெரிய மதில், கற்கள் சதுரமாக இல்லாமல் வளைந்து நெளிந்து ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கின்றன. தூரத்திலிருந்து வெறும் சுவர். பக்கத்தில் போய், வெயில் சாய்வாக விழும் இடத்தில் பார்த்தால், மேலிருந்து கீழ்வரை பொடி எழுத்து. நூற்றுக்கணக்கான விடுதலைப் பத்திரங்கள். ஓர் அடிமையை விடுவிக்க அவனுடைய எஜமான் அவனை அப்பொல்லோவுக்கு 'விற்கிறான்'. விலை இத்தனை மினா வெள்ளி என்று எழுதுகிறார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் அடிமையேதான். தெய்வம் கிரயம் கொடுத்து வாங்கியதாகக் கணக்கு, ஆகவே இனி எந்த மனுஷனும் உரிமை கொண்டாட முடியாது. சாட்சிகளின் பெயர்களும் இருக்கும். சிலவற்றில், எஜமான் சாகும்வரை கூடவே இருந்து வேலை செய்ய வேண்டும் என்கிற நிபந்தனையும் உண்டு. விடுதலை, ஆனால் இப்போது இல்லை.

'கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே' என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் பின்னணி இந்த வழக்கம்தான் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடோல்ஃப் டைஸ்மான் என்ற ஜெர்மானியர் எழுதினார். மற்ற அறிஞர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை, சாதாரண அடிமைச் சந்தை விலையையே பவுல் நினைத்திருக்கலாம் என்கிறார்கள். யூகம் என்றே எழுதினேன். ஆனால் கொரிந்து சபையில் அடிமைகள் இருந்தார்கள் என்பது யூகமில்லை. அந்த வரியை அவர்கள் கேட்டபோது விலை என்பது அவர்களுக்கு உவமை அல்ல, தங்கள் உடம்பின் மேல் எழுதப்பட்ட தொகை. அந்தச் சுவரை விட்டு நகரக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்து அருங்காட்சியகம். வெண்கலத் தேரோட்டியைச் சுற்றி எல்லாரும் நிற்க, சார் எங்களைத் தேடிப் பிடித்துச் சில சாம்பல் நிறக் கல் துண்டுகளுக்கு முன்னால் நிறுத்தினார். ரோமப் பேரரசர் கிலவுதியு அனுப்பிய கடிதத்தைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், அது உடைந்து ஒன்பது துண்டுகளாகக் கிடைத்தது. முதல் துண்டுகள் 1905இல் அச்சில் வெளியாயின. டெல்பியில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், வெளியூர்க்காரரை அழைத்துக் குடியேற்றுங்கள் என்கிற மாதிரி ஒரு நிர்வாகக் கடிதம். அதன் நடுவில் ஒரு பெயர்: என் நண்பரும் அதிபதியுமான கல்லியோன்.

கொரிந்து அடங்கிய அகாயா மாகாணத்தின் அதிபதி கல்லியோன். கொரிந்தில் பவுலை நியாயாசனத்துக்கு முன் கொண்டுவந்து நிறுத்தினார்களே, அதே ஆள். தத்துவ ஞானி செனெக்காவின் அண்ணன். கிலவுதியுவை வெற்றி வீரனாக 26ஆவது முறை அறிவித்த பிறகு எழுதியது என்று கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. அதை வைத்து கி.பி. 52இன் முதல் பாதி என்று காலம் கட்டுகிறார்கள். அதிபதியின் பதவி பொதுவாக ஒரே வருஷம். அப்படியானால் பவுல் கல்லியோன் முன் நின்றது 51ஐ ஒட்டி. கொரிந்தில் ஒன்றரை வருஷம் தங்கினார் என்று லூக்கா சொல்வதால், வந்தது 50ஐ ஒட்டி. தெசலோனிக்கேயருக்கு முதல் நிருபம் எழுதியதும் அந்த நேரம்தான். நம் வேதாகமத்தின் பின்னிணைப்பில் பவுலுக்குப் போட்டிருக்கும் வருஷங்கள் எல்லாம் இந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எண்ணியவை.

அதன் முன்னால் பூ இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, பாட்டு இல்லை. தணிக்கை அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நோட்டில் வரைந்தார். பஸ்ஸில் இருந்த இரண்டு பேரையும் ஐயரம்மாவே போய்க் கூட்டிவந்தார்.

ஞாயிறு, ஏதென்ஸ்

விடிந்ததும் மார்ஸ் மேடை. அக்ரோபொலிசுக்குக் கீழே மொட்டைப் பாறை. கட்டணம் கிடையாது. இத்தனை நூற்றாண்டு கால்கள் தேய்த்துப் பளபளவென்று வழுக்குகிறது, இரும்புப் படியில் ஏறுவதே நல்லது. அடிவாரத்தில் பவுலின் பிரசங்கம் கிரேக்கத்தில் வெண்கலப் பட்டயமாகப் பதித்திருக்கிறது. அரியோபாகு என்பது இந்தக் குன்றின் கிரேக்கப் பெயர், அங்கே கூடிய மன்றத்துக்கும் அதே பெயர். மன்றம் கீழே சந்தைவெளி மண்டபத்திலும் கூடியதுண்டு. ஆகவே பவுல் குன்றில் நின்றாரா மண்டபத்தில் நின்றாரா என்பது தீராத வழக்கு. மேலே ஏறி மூச்சு வாங்கியவர்கள் யாரும் இதை ரசிக்கவில்லை.

ஆராதனையில் ஐயர் அந்தப் பிரசங்கத்தையே எடுத்தார். நம் ஊர்த் தெருமுனைக் கூட்டங்களில் இந்த அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் சாமியைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். பவுல் அப்படிச் செய்யவில்லை. அவர்களுடைய பலிபீடத்தின் எழுத்தை நின்று வாசித்திருக்கிறார். 'உங்கள் புலவர்களிலும் சிலர்' என்று அராத்தோஸ் என்கிற கவிஞனின் வரியைச் சொல்கிறார். அந்தக் கவிஞன் பவுலின் சொந்த மாகாணமான சிலிசியாக்காரன், இவர் பிறப்பதற்கு ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்தவன். ஐயர் இதைச் சொன்னபோது எனக்கு நிம்மதி. அண்ணாச்சி மட்டும், ஊர் விக்கிரகங்களால் நிறைந்திருந்ததைப் பார்த்துப் பவுலுக்கு உள்ளுக்குள் பொறுக்க முடியவில்லை என்றும் அதே அதிகாரத்தில் எழுதியிருக்கிறதே என்றார். இருக்கிறதுதான். பொறுக்க முடியாதவர் வாயைத் திறந்தபோது எப்படிப் பேசினார் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொன்னேன்.

பார்த்தெனான் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நேரம் குறித்த டிக்கெட், நல்ல கூட்டம், பார்த்தோம். கொண்டுபோன பருப்புப் பொடி இன்றோடு தீர்ந்தது.

திங்கள், கொரிந்து, கெங்கிரேயா

போகும் வழியில் கால்வாய். 6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், பாலத்திலிருந்து குனிந்து பார்த்தால் வயிறு கலங்கும் ஆழம். 1893இல் திறந்தார்கள். நீரோ கி.பி. 67இல் தோண்ட ஆரம்பித்து, முடியாமல் நின்றுபோன வேலை இது. அந்த வேலைக்குக் கலிலேயாவிலிருந்து 6,000 யூதக் கைதிகளை அனுப்பியதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார்.

கொரிந்தை ரோமர்கள் கி.மு. 146இல் தரைமட்டமாக்கி, நூறு வருஷம் கழித்து ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினான். பவுல் வந்தது பழம்பெருமை பேசும் ஊருக்கு அல்ல. புதுப் பணமும் இரண்டு துறைமுகங்களும் உள்ள ஊருக்கு. அப்பொல்லோ கோயிலின் ஏழு தூண்கள் நிற்கின்றன, பின்னால் அக்ரோகொரிந்து மலை. நடுவே நியாயாசன மேடை. இங்கே கிடைத்த கல்வெட்டை வைத்து அடையாளம் கண்டிருப்பதால் "கிட்டத்தட்ட உறுதி" என்றார் சார். சனிக்கிழமை கல்லில் பெயராகப் பார்த்த கல்லியோன் உட்கார்ந்து, இது உங்கள் வேதப் பிரச்சினை என்று எல்லாரையும் விரட்டிய இடம். அந்த அலட்சியம்தான் பவுலுக்குப் பாதுகாப்பாக முடிந்தது.

ஏரஸ்து கல் வேலிக்கு அப்பால், நாடக அரங்கத்தை ஒட்டிய ஒரு தளத்தில் கிடக்கிறது. 1929இல் கிடைத்தது. ஏறக்குறைய ஒரு சாண் உயர லத்தீன் எழுத்துகள், உள்ளே ஒரு காலத்தில் உலோகம் வார்த்திருந்த பள்ளங்கள். பதவி கிடைத்ததற்குக் கைம்மாறாக ஏரஸ்து தன் செலவில் இந்தத் தளத்தைப் போட்டான் என்கிறது. ரோமர் நிருபத்தின் கடைசியில் வாழ்த்துச் சொல்லும் பட்டணத்து உக்கிராணக்காரன் ஏரஸ்து இவன்தானா? பெயர் ஒன்று, ஊர் ஒன்று. பதவி சரியாகப் பொருந்தவில்லை, காலத்திலும் கருத்து வேறுபாடு. அண்ணாச்சி நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி போட அனுமதி கேட்டார். சார் கொடுக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரி முழுக்கச் சுட்ட மண்ணில் செய்த கைகள், பாதங்கள், காதுகள், மார்பகங்கள். நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிலேப்பியஸின் கோயிலில், குணமான உறுப்பைச் செய்து காணிக்கை வைத்தவை. வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. 'கண்ணானது கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டியதில்லை' என்கிற பகுதியை இந்த ஊருக்குத்தான் பவுல் எழுதினார் என்று ஒருவர் சொல்ல, எல்லாருக்கும் சிலிர்த்தது. சார் விடவில்லை: இவை கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, பவுல் காலத்தில் மண்ணுக்கடியில் கிடந்தவை. வழக்கம் தொடர்ந்திருக்கலாம், அவ்வளவுதான். யூகம்.

கடைசியாகக் கெங்கிரேயா. டிக்கெட் இல்லை, காவலர் இல்லை. துறைமுகத்தின் சுவர்கள் தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்க, அதன் மேல் இரண்டு வெள்ளைக்காரர்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். பவுல் பொருத்தனைக்காகத் தலைச்சவரம் பண்ணிக்கொண்டு கப்பலேறிய இடம். இந்த ஊர்ச் சபையின் ஊழியக்காரி பெபேயாள்தான் ரோமர் நிருபத்தைக் கொண்டுபோனவள் என்று சார் சொன்னார்.

"எப்படித் தெரியும் சார்?" கேட்டது ஐயரம்மா.

நிருபத்தின் கடைசியில் முதல் பெயராக அவளை அறிமுகப்படுத்தி, அவளை ஏற்றுக்கொள்ளுங்கள், அவளுக்கு வேண்டியதைச் செய்யுங்கள் என்று பவுல் எழுதுகிறார்; அன்றைக்குக் கடிதம் கொண்டுபோகிறவரை இப்படித்தான் அறிமுகம் செய்வார்கள்; ஆனால் அவள் கையில் கொடுத்தனுப்பினேன் என்று நேராக ஒரு வரி இல்லை. ஐயரம்மா எழுதிக்கொண்டார். அப்புறம், இத்தனை வருஷத்தில் நம் சபையில் பெபேயாளை வைத்து ஒரு பிரசங்கமாவது நடந்திருக்கிறதா என்று ஐயரைப் பார்த்துக் கேட்டார்.

ஐயர் யோசித்துவிட்டு, வருகிற பெண்கள் ஐக்கிய ஞாயிறுக்கு அதையே எடுத்துப் பேசுகிறேன் என்றார்.

"நீங்க வேண்டாம், நான் பேசுறேன். நர்ஸ் அக்காவும் பேசட்டும், முதுகைப் பத்தி."

அண்ணாச்சி தேதியைக் குறித்துக்கொண்டார். நாளை காலை நான்கு மணிக்கு விமான நிலையத்துக்குப் பஸ்.